சுக்கான் பிடித்த பையனும் கோர்வைக்கு உட்கார்ந்த அக்காவும்

போன வருடம் கோடையில் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தேன். அங்கே நடந்த ஒரு சின்ன விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஐயம்பேட்டைக்குத் திரும்பி வந்த பிறகுதான் அதை எழுதத் தோன்றியது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படிக்கவும்.

பேரனுக்கு 12 வயது. அவர்கள் ஊரில் ஒரு படகு கிளப்பில் சேர்ந்திருக்கிறான். அன்றைக்கு தேம்ஸ் நதியில் சிறுவர்களுக்கான துடுப்புப் படகுப் போட்டி. நாலு பையன்கள் துடுப்புப் போட, ஐந்தாவதாக ஒருவன் சுக்கான் பிடிக்கிற படகு. அந்த ஐந்தாவது ஆள் எங்கள் பேரன். ஒல்லியான உடம்பு, கனத்த குரல். அந்த வேலைக்கு அதுதான் தகுதியாம். துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். எதிரே என்ன வருகிறது என்று பார்க்கிறவன் சுக்கான் பிடிக்கிறவன் ஒருவன்தான்.

படகு கரையோரம் வந்ததும் செல்போனை எடுத்தேன். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண்மணி வந்து, படம் எடுக்கப் பெயரைப் பதிந்துவிட்டீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். "அவன் என் பேரன்" என்றேன். "மகிழ்ச்சி ஐயா. ஆனால் படகில் இன்னும் நாலு பிள்ளைகள் இருக்கிறார்களே" என்றார். ஒரு மேஜைக்குப் போய்ப் பெயர் எழுதி, சட்டையில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு வருவதற்குள் பேரனின் படகு போயே போய்விட்டது.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. 35 வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன், 71 வயதுக் கிழவன், என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறதோ என்று மகளிடம் பொருமினேன். அவள் சிரித்துக்கொண்டே கிளப்பில் கொடுத்த படிவத்தைக் காட்டினாள். பையனுக்கு எத்தனை மீட்டர் நீந்தத் தெரியும், என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, போட்டி முடிந்ததும் யார் வந்து கூட்டிப்போவார்கள், படம் எடுக்கச் சம்மதமா என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். சுக்கான் பிடிக்கிறவன் மிதவைச் சட்டை இல்லாமல் படகில் ஏறக்கூடாது. பயிற்சியாளர் எந்தப் பிள்ளையோடும் தனியாக அறையில் இருக்கக்கூடாது. பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக்கூடாது. கடைசியில், எந்தக் குறை என்றாலும் பேச வேண்டியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும்.

"நம்ம ஊர்ல பிள்ளைய வாத்தியார்கிட்ட விடும்போது, கண்ண மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிடுங்கன்னு சொல்லிட்டு வருவோம்" என்றேன்.

"அதனாலதான்பா இந்த ஃபாரம்" என்றாள்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்று இரவு தூக்கமும் வரவில்லை. பேரனின் மேஜையில் படகுப் போட்டிகளின் வரலாறு பற்றி ஒரு புத்தகம் இருந்தது. எடுத்துப் புரட்டினேன். அதில் ஒரு புகைப்படம் என்னைப் பிடித்துக்கொண்டது.

1900-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக். துடுப்புப் படகுப் போட்டி சேன் நதியில் நடந்தது. ஹாலந்திலிருந்து பிராண்ட், கிளைன் என்று இரண்டு பேர். அவர்களுக்குச் சுக்கான் பிடித்தவர் பிராக்மன் என்கிற பெரிய ஆள், 60 கிலோ எடை. முதல் சுற்றில் பிரெஞ்சுப் படகிடம் தோற்றார்கள். தோற்றதற்குக் காரணமும் கண்ணெதிரே தெரிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் சுக்கானுக்குச் சின்னப் பையன்களை உட்கார வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் இருக்கிறவன் துடுப்புப் போடுவதில்லை, அவன் எடையைத்தான் மற்றவர்கள் இழுக்க வேண்டும். எடை குறைந்தால் வேகம் கூடும். கடைச்சரக்குக் கணக்கு.

ஹாலந்துக்காரர்கள் இறுதிப் போட்டிக்குத் தங்கள் ஆளை இறக்கிவிட்டு, கரையில் கிடைத்த ஒரு உள்ளூர்ப் பையனை ஏற்றிக்கொண்டார்கள். எடை 33 கிலோ. ஆகஸ்ட் 26 அன்று 7 நிமிடம் 34.2 நொடியில் வந்து, பிரெஞ்சுப் படகை நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வென்றார்கள். பிறகு பையனை நடுவில் நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம்தான் நான் பார்த்தது. இரண்டு தடித்த மீசைக்காரர்களின் நடுவே அரைக்கால் சட்டையில் ஒரு வாண்டு. படம் எடுத்ததும் அவன் போய்விட்டான். யார் பிள்ளை, எந்தத் தெரு, என்ன வயது, யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. பத்து வயது இருக்கலாம் என்கிறார்கள், அதற்கும் குறைவு என்பாரும் உண்டு. ஒலிம்பிக் வரலாற்றிலேயே மிக இளைய வெற்றியாளன் அவனாக இருக்கக்கூடும். பட்டியலில் அவன் இடத்தில் 'பெயர் தெரியாத சிறுவன்' என்றுதான் போட்டிருக்கிறது. எடை மட்டும் தெரிகிறது.

கணக்குத் தணிக்கை செய்து பிழைத்தவன் நான். எடை இருக்கிறது, பெயர் இல்லை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அந்தப் பையனோடு அந்த வழக்கம் முடிந்துவிடவில்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பிரான்ஸின் நோயல் வாண்டர்னாட் என்கிற 12 வயதுப் பையன் இரண்டு படகுகளுக்குச் சுக்கான் பிடித்து இரண்டு வெண்கலப் பதக்கம் வாங்கினான். அதில் ஒரு படகில் துடுப்புப் போட்டவர்களில் அவன் அப்பாவும் சித்தப்பாவும் இருந்தார்கள். அவன் நன்றாக வாழ்ந்து, 96 வயதில், 2020-இல் காலமானார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஸ்பெயினின் எட்டுத் துடுப்புப் படகுக்குச் சுக்கான் பிடித்த கார்லோஸ் ஃப்ரான்ட்டுக்கு 11 வயது. இந்த இருவருக்கும் பெயர் இருக்கிறது, பதிவு இருக்கிறது. அப்பா கூடவே இருந்தார் என்றால் பயமும் இல்லை என்றுதான் நமக்குத் தோன்றும். அந்த எண்ணத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கத்தின் வேரை அறுத்தது புத்திமதி அல்ல, ஒரு தராசு. உலக அளவிலான போட்டிகளில் இன்று சுக்கான் பிடிக்கிறவர் 55 கிலோ இருக்க வேண்டும். குறைந்தால் குறைகிற எடைக்கு மூட்டை கட்டிப் படகில் வைக்க வேண்டும். சின்னப் பையனை ஏற்றினால் மூட்டையும் கூடவே ஏறும். பிறகு பையனால் என்ன லாபம்? பிள்ளையின் சின்ன உடம்புக்கு இருந்த விலை போனது. விலை போனதும் தேவையும் போனது.

இனி ஐயம்பேட்டை.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். என் சின்ன வயதில் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். தமிழில் ஓடம் என்றால் படகு என்று எல்லாருக்கும் தெரியும். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்கும் ஓடம் என்று அகராதியில் ஒரு பொருள் உண்டு. படகுக்கு ஐந்தாவது ஆள் மாதிரி, எங்கள் ஓடத்துக்கும் இன்னொரு ஆள் வேண்டும்.

காஞ்சிப் பட்டின் பேரே கோர்வையில்தான் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை என்றால், உடலின் ஊடை இழையும் கரையின் ஊடை இழையும் ஒவ்வொரு வரியிலும் ஒன்றை ஒன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாடா ஓடும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கும் நெசவாளிக்கு இருப்பதோ இரண்டு கை. அதனால் இடது பக்கத்துக் கரைக்கு ஒருவர் உட்கார வேண்டும். நெசவாளி மிதிக்க மிதிக்க, வரிக்கு வரி நாடாவை வாங்கிக் கோத்துத் திருப்பிவிட வேண்டும். அந்த ஆள் எழுந்தால் தறி நின்றுவிடும். சின்ன விரல், குறைந்த கூலி, மூலையில் அடங்கி உட்காரும் உடம்பு. அந்த இடத்துக்குத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள்தான் உட்கார்ந்தார்கள்.

எங்கள் வீட்டில் உட்கார்ந்தது அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவள். எட்டு வயதிலிருந்து அப்பாவின் தறியில் இடது பக்கம் அவள் இடம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அடுத்த வருடம் நான் ஒரு வகுப்பு மேலே போனேன். அதற்கு அடுத்த வருடமும் நான்தான் போனேன். விடுமுறை நாளில் நானும் உட்காருவேன், அரைமணியில் கால் மரத்துப் போகும், ஓடிவிடுவேன். அக்கா ஓடியதில்லை. மாட்டுப் பொங்கலன்று வரதர் பழைய சீவரம் போகிற வழியில் எங்கள் ஊரைக் கடப்பார். அன்று தறி ஓடாது. அந்த ஒரு நாளை அக்கா வருடம் முழுக்க எண்ணிக்கொண்டிருப்பாள்.

அப்பா கொடுமைக்காரர் இல்லை. அக்காவை ஒரு அடி அடித்ததில்லை. கூலி ஆள் வைக்க வழியில்லை, அவ்வளவுதான். புடவைக் கூலி அப்பா பெயரில் எழுதப்படும். பட்டும் ஜரிகையும் நிறுத்துக் கொடுப்பார்கள். நெய்து கொண்டுபோன புடவையையும் நிறுத்து வாங்குவார்கள். கிராம் குறைந்தால் கேள்வி. அந்தப் புடவையில் பாதி வரியைக் கோத்தவள் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

கூலிக்கு உட்கார்ந்த பிள்ளைகளின் நிலை இதைவிட மோசம். பெற்றவர்கள் வாங்கிய முன்பணம் அடைகிற வரைக்கும் பிள்ளை அந்தத் தறியில் உட்கார வேண்டும். முன்பணம் எளிதில் அடையாது. கல்யாணம், காய்ச்சல், மழைக்காலம் என்று கடன் மேலும் ஏறும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1931-இல் வெளியான விட்லி ஆணைய அறிக்கை, அமிர்தசரஸ் கம்பளத் தறிகளிலும் சென்னை பீடித் தொழிலிலும் பிள்ளைகளின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கத்தைச் சொன்னது. அதன் விளைவாக 1933-இல் குழந்தை உழைப்பை அடகு வைப்பதற்கு எதிராக ஒரு சட்டம் வந்தது. அடகு வைக்கும் பெற்றோருக்கு 50 ரூபாய் வரை அபராதம், வாங்கிக்கொள்ளும் முதலாளிக்கு 200 ரூபாய் வரை. 1938-இல் இன்னொரு சட்டம். நெசவு, பீடி, தீப்பெட்டி போன்ற பட்டறைகளில் 12 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. ஆனால் ஒரு விலக்கு. கூலி ஆள் இல்லாமல் குடும்பத்தாரை மட்டும் வைத்துத் தொழில் செய்கிற பட்டறைக்கு இது பொருந்தாது. 1986-இல் வந்த சட்டமும் 14 வயது என்று உயர்த்தியதே தவிர, அந்த விலக்கை அப்படியே வைத்துக்கொண்டது. சட்டம் எங்கள் தெருவுக்குள் வந்து, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனது.

இங்கே என் பங்கையும் சொல்லியாக வேண்டும். 1976-இல் வேலைக்குச் சேர்ந்தேன். கைத்தறிச் சங்கங்களின் கணக்குத் தணிக்கை. சில சமயம் தறிகள் உண்மையிலேயே ஓடுகின்றனவா என்று நேரில் பார்த்து எழுதவேண்டும். எண்பதுகளில் ஒரு ஊரில் வீடு வீடாகப் போனேன். தறிக்குத் தறி இடது பக்கம் ஒரு பிள்ளை. "யாருப்பா இது?" என்று கேட்டால், "எங்க வீட்டுப் பிள்ளைதான் சார்" என்று பதில் வரும். ஒரே ஜாடையில் இல்லாத மூன்று பிள்ளைகள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆவார்கள். ஒரு பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் என் தாளில் 'தறி ஓடுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பட்டுக்கு ஒரு கட்டம், ஜரிகைக்கு ஒரு கட்டம், கூலிக்கு ஒரு கட்டம். பிள்ளைக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை நான் எழுதவில்லை. ஓய்வு பெறும்வரை எழுதவில்லை.

நிலைமை மாறத்தான் செய்தது. 1956-இல் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, இரண்டும் பிள்ளைகளைத் தறியிலிருந்து பள்ளிக்கு இழுத்தன. வயிற்றுக்குச் சோறு பள்ளியில் என்றதும், பிள்ளையை அனுப்புவதில் குடும்பத்துக்கு நஷ்டம் குறைந்தது. இதுவும் ஒரு தராசு வேலைதான். 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு பட்டுத் தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. இன்று எங்கள் தெருவில் கோர்வைக்கு உட்காருவது பெரும்பாலும் நெசவாளியின் மனைவி.

2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று பொதுவாகத் தடை. இரண்டு விலக்குகள். பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலுக்குப் பிள்ளை உதவலாம். படிப்பு கெடாமல் சினிமா, தொலைக்காட்சி போன்றவற்றில் நடிக்கலாம், சர்க்கஸ் தவிர மற்ற கேளிக்கைகளிலும் விளையாட்டிலும் ஈடுபடலாம். குடும்பத் தறியும் விளையாட்டுத் திடலும் ஒரே பிரிவில் அடுத்தடுத்து நிற்கின்றன. அக்காவின் இடமும் பேரனின் இடமும்!

விலக்கில் நியாயம் இருக்கிறது. அப்பாவோடு சேர்ந்து தொழில் பழகுவதும் தப்பில்லை, ஆற்றில் படகு விடுவதும் தப்பில்லை. ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது. அங்கே இருக்கிற பெரியவர் பிள்ளைக்கு வேண்டியவர். அவரைப் போய்க் கேள்வி கேட்பதா?

அந்த நம்பிக்கைதான் பல இடங்களில் பிள்ளைகளைக் கைவிட்டது. இங்கிலாந்தில் 1995-இல், ஒலிம்பிக் வரைக்கும் போன ஒரு நீச்சல் பயிற்சியாளர், தன்னிடம் பயின்ற பிள்ளைகளிடம் பல வருடம் தவறாக நடந்ததற்காகச் சிறைக்குப் போனார். அதன் பிறகுதான் விளையாட்டில் பிள்ளைகளைப் பாதுகாப்பதற்கென்றே 2001-இல் அங்கே ஒரு தனிப் பிரிவு அமைந்தது. நான் ஒட்டிக்கொண்ட ஸ்டிக்கரின் பூர்வீகம் அதுதான். நம் ஊரிலும் 2021-இல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் கைதானார். ஒரு பெண் புகார் கொடுத்த பிறகு, அவரிடம் முன்பு பயின்ற பலர் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். அதுவரை அவர்கள் யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும்? தண்ணீர் ஆபத்தும் அப்படியே. 2024 ஜனவரி 18-இல் வதோதராவின் ஹர்ணி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் மிதவைச் சட்டை மாட்டவில்லை. கூட வந்தவர்கள் பிள்ளைகள்மேல் அன்பில்லாதவர்களா என்ன?

2012-இல் வந்த போக்சோ சட்டம் இந்த இடத்தில்தான் பழைய கணக்கைத் திருப்பிப் போட்டது. 1938-இல் குடும்பம் என்றால் விலக்கு. போக்சோவில் சொந்தக்காரர், ஆசிரியர், பிள்ளையின் நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் என்றால் தண்டனை கூடுதல். குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதும் குற்றம். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பிய சட்டம் கடைசியில் வீட்டுக்குள் நுழைந்தது.

நம் பேரன் பேத்திகள் நீச்சலுக்கும் சிலம்பத்துக்கும் பரதத்துக்கும் போகிறார்கள். சேர்க்கும்போது மாதக் கட்டணம் கேட்கிறோம், வேன் வருமா என்று கேட்கிறோம். இன்னும் மூன்றைக் கேட்கலாம். எந்த நேரமும் பெற்றவர் உள்ளே வந்து பார்க்கலாமா? பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? உங்கள்மேலேயே குறை என்றால் பிள்ளை யாரிடம் சொல்வது? நல்ல வாத்தியார் கோபித்துக்கொள்ள மாட்டார். நானும் அன்று ஆற்றங்கரையில் கோபித்துக்கொண்டிருக்கக்கூடாது. 1098 என்கிற எண்ணையும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லி வையுங்கள்.

ஊருக்கு வந்ததும் அக்காவைப் பார்க்கப் போனேன். அவளுக்கு முழங்கால் மடங்காது, நாற்காலியில்தான் உட்காருவாள். மகள் அனுப்பிய வீடியோவைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தாள்.

"நாலு பேர் துடுப்புப் போடறாங்க, இவன் உக்காந்துகிட்டு சத்தம் போடறானா?"

"அவன்தான்க்கா வழி பார்த்துச் சொல்லணும்."

"கால் மரத்துப் போகாதா அவனுக்கு?"

"பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்க்கா."

"அப்ப சரி" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

நீ கோர்வைக்கு உட்கார்ந்ததை எழுதப் போகிறேன், உன் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். இதையும் அந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். கொஞ்ச நேரம் வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரெல்லாம் வேணாண்டா. அக்கான்னு போடு. உனக்குத் தெரியுதில்ல, போதும்" என்றாள். பிறகு, "அப்பாவைத் தப்பா எழுதிடாத" என்றாள்.